மீந்த வார்னிஷும் பாலிஷும் கெடாமல் இருக்க

கேள்வி இதுதான்: வீட்டுத் தேக்குக் கதவையும் ஊஞ்சல் பலகையையும் தாங்களே பாலிஷ் போட்டிருக்கிறார்கள். லிட்டர் டப்பாவில் பாதி வார்னிஷ், ஒரு பாட்டில் பிரெஞ்ச் பாலிஷ், பியூ (பாலியூரித்தேன்) கிட்டில் கொஞ்சம் என்று மீந்திருக்கிறது. முன்பு இப்படி மீந்ததெல்லாம் சில மாதங்களில் ஆடை கட்டி, கூழாகி, குப்பைக்குப் போயிருக்கிறது. இந்தத் தடவை எப்படி வைத்தால் கெடாது, கெட்டால் தின்னர் ஊற்றிச் சரிசெய்யலாமா என்று கேட்கிறார்கள்.

மூன்றையும் ஒரே அலமாரியில் வைக்கலாம், ஆனால் ஒரே முறையில் காப்பாற்ற முடியாது. மரத்தின் மேல் ஒரு பூச்சைக் காய வைப்பது எதுவோ, டப்பாவுக்குள் அதைக் கெடுப்பதும் பெரும்பாலும் அதுதான். அதனால் டப்பாவைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியது, “இது எதனால் காய்கிறது?” என்பது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர், மெழுகுப் பாலிஷ் போன்றவை கரைப்பான் பறந்துபோவதால் மட்டுமே காய்கின்றன. மீந்தது கெட்டியாகிவிட்டால் அதற்குரிய தின்னரோ டர்பென்டைனோ சேர்த்துக் கலக்கினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். எண்ணெய், வார்னிஷ், பியூ, மெலமைன் (ஹார்டனர் கலந்து பூசும் ஒரு பாலிஷ்) எல்லாம் வேறு சாதி. அவை வேதிவினையால் காய்பவை. அவை டப்பாவில் கெட்டியானால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன என்று அர்த்தம். தின்னர் அந்தப் பிணைப்பைப் பிரிக்காது. கூழைத் தண்ணியாகக் காட்டும், அவ்வளவுதான். அப்படி நீர்க்கச் செய்ததைப் பூசினால் பிசுபிசுப்பு போகாமல், பளபளப்பும் வராமல் நிற்கும். “கொஞ்சம் டர்பென்டைன் விடுங்க, சரியாயிடும்” என்று கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை.

வார்னிஷிலிருந்து தொடங்குகிறேன், வீணாகிப் போவதில் பெரும்பங்கு அதுதான். சாதாரண வார்னிஷ், ஒற்றை டப்பாவில் வரும் பியூ வார்னிஷ்களில் பெரும்பாலானவை, ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் எல்லாம் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித்தான் இறுகுகின்றன. இந்த வினை தானாக நடந்தால் நாட்கணக்காகும் என்பதால் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளை மிகச் சிறிய அளவில் சேர்த்து வேகப்படுத்தியிருப்பார்கள். அதே டப்பாவில் ஆடை கட்டாமல் தடுக்கும் ஒரு மருந்தும் சேர்ப்பது வழக்கம். அது எளிதில் ஆவியாகும் பொருள். மரத்தில் பூசியதும் பறந்துபோய் வார்னிஷைக் காய விடவேண்டும், அதற்காகவே அப்படி. டப்பாவைத் திறந்து வைத்து வேலை செய்யும்போதெல்லாம் அந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது. புது டப்பா ஒரு வருடம் கடையில் இருந்தும் நன்றாக இருக்கிறது, நாம் திறந்தது மட்டும் இரண்டு மாதத்தில் ஆடை கட்டுகிறதே என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் மேலே இருக்கும் காற்று. ஆனால் அதைப் பலர் தேவைக்கு மேல் பெரிதாக்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டர் டப்பாவில் பாதி காலி என்றால் உள்ளே அரை லிட்டர் காற்று. அதில் ஆக்சிஜன் 21 சதவீதம், ஏறக்குறைய 100 மில்லி. எடையில் 0.13 கிராம் சுமார். ஆளிவிதை எண்ணெய் முழுதாகக் காய்வதற்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆக, உள்ளே அடைபட்ட அந்தக் காற்று முழுவதும் வினைபுரிந்தாலும் இறுகப்போவது ஒரு கிராம் எண்ணெய் அளவுதான். டப்பாவின் மேற்பரப்பில் காகிதம் போல மெல்லிய ஓர் ஆடை கட்டும், பிறகு ஆக்சிஜன் தீர்ந்து வினை நின்றுவிடும். மூடி உண்மையிலேயே இறுக்கமாக இருந்தால், பாதி காலியான டப்பாவிலும் இழப்பு அவ்வளவே. முழு டப்பாவும் கூழாகிறது என்றால் காற்று மறுபடி மறுபடி உள்ளே போயிருக்கிறது. ஒன்று, மூடி சரியாக உட்காரவில்லை. அல்லது வாரம் ஒரு தடவை திறந்து எட்டிப் பார்க்கிறோம். அதிலும், ஆடை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே உறிஞ்சிய ஆக்சிஜன் கீழே வரை பரவி வார்னிஷைத் தடிக்க வைத்துக்கொண்டிருக்கும்.

அதனால் முதல் வேலை மூடியைக் கவனிப்பது. தகர டப்பாவின் வாயைச் சுற்றி ஒரு காடி இருக்கும். பிரஷ்ஷை அந்த விளிம்பில் வழித்தால் வார்னிஷ் காடியில் இறங்கிக் காய்ந்து, மூடி அதன் மேல் மேடு பள்ளமாக உட்காரும். இதற்கு ஒரே மருந்து, டப்பாவிலிருந்து நேராக வேலை செய்யாமல் இருப்பது. வேண்டிய அளவை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, காடியைத் துணியால் துடைத்து, உடனே மூடிவிட்டு, பிறகு பிரஷ்ஷைத் தொடுங்கள். கிண்ணத்தில் மீந்ததை டப்பாவில் திரும்ப ஊற்றாதீர்கள். அரை மணி நேரம் காற்றில் இருந்தது, பிரஷ்ஷிலிருந்து மரத்தூள் விழுந்தது, பழைய தின்னர் கலந்தது எல்லாம் நல்ல வார்னிஷோடு சேரும். இருபது ரூபாய்க்குக் கணக்குப் பார்த்து இருநூறு ரூபாய்ச் சரக்கைக் கெடுப்பானேன்? திறக்கும்போதும் ஸ்க்ரூ டிரைவரை ஒரே இடத்தில் விட்டு நெம்பாமல், சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். மூடும்போது சுத்தியலால் நேராக அடித்தால் மூடி குழிந்துவிடும். மேலே ஒரு பலகைத் துண்டை வைத்து அதன் மேல் தட்டினால் சுற்றிலும் சமமாக இறங்கும்.

டப்பாவில் பாதிக்குக் கீழே போய்விட்டால் தகரத்தை மறந்துவிட்டு, கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றுவதுதான் என் முதல் தேர்வு. 100, 200, 250 மில்லி என்று சின்னச் சின்ன பாட்டில்களாக, கழுத்து வரை நிரப்பி வையுங்கள். ஒரு பெரிய பாட்டிலில் எல்லாவற்றையும் வைத்தால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் முழுச் சரக்கும் காற்றைப் பார்க்கும். சின்ன பாட்டில்களில் திறந்தது மட்டும் பார்க்கும். லேப் சாமான் விற்கும் கடைகளில் மருந்து பாட்டில் நிறத்தில், திருகு மூடியோடு கிடைக்கும். ஊற்றும்போதே பழைய நைலான் துணியிலோ பெயின்ட் வடிகட்டியிலோ வடிகட்டிவிடுங்கள். கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சினால் நன்றாகக் கழுவி, வெயிலில் காய வைத்த கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தை உயர்த்தலாம். அடுத்த தடவை அந்தக் குண்டுகளைக் கழுவுவது எரிச்சலான வேலை என்பதால் நான் அவ்வளவாக விரும்புவதில்லை, ஆனால் வேலை செய்யும்.

மூடி ஒட்டிக்கொண்டு திறக்க வராமல் போவது இதில் வரும் தொல்லை. பாட்டில் மரையில் வார்னிஷ் படாமல் துடைத்துவிட்டு, பிளம்பர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றி மூடுங்கள். வாசலின் தடவுகிறவர்களும் உண்டு. வேண்டாம், அது துளி உள்ளே விழுந்தாலும் பூசும்போது அங்கங்கே குழி விழ வைக்கும்.

பிளாஸ்டிக் பாட்டில் ஆகாதா? அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடலாம் என்ற வசதி அதில் உண்டு. தண்ணீர் பாட்டில் போன்ற பெட் பிளாஸ்டிக், டர்பென்டைன் கலந்த வார்னிஷைச் சில மாதங்கள் தாங்கும். மெல்லிய, வளைகிற பாலித்தீன் பாட்டில்களின் சுவர் வழியாகவே ஆக்சிஜன் மெதுவாக ஊடுருவும், டர்பென்டைன் பட்டு ஊதியும் போகும். என்.சி. தின்னரை எந்தத் தண்ணீர் பாட்டிலிலும் ஊற்றாதீர்கள். இதற்கெல்லாம் மேலே ஒரு விஷயம்: எந்த வார்னிஷையும் ஸ்பிரிட்டையும் டர்பென்டைனையும் குடிதண்ணீர், குளிர்பான பாட்டிலில் வைக்கவே கூடாது. வீட்டில் குழந்தை இல்லையே என்று நினைக்க வேண்டாம், வரும் விருந்தாளியும் வேலைக்கு வரும் ஆளும் தாகத்துக்கு எடுப்பார்கள். டர்பென்டைன், மண்ணெண்ணெய் வகைகளைத் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பாட்டிலுக்கு மாற்ற முடியவில்லை, டப்பாவிலேயேதான் வைக்க வேண்டும் என்றால், வார்னிஷின் மேற்பரப்பிலேயே ஒரு பாலித்தீன் தாளை வட்டமாக வெட்டிப் படியவிடுங்கள். குமிழி இல்லாமல் ஒட்டிக்கொண்டால் காற்று படும் இடம் மிகவும் குறைந்துவிடும். ஜப்பானில் உருஷி என்னும் அரக்குப்பால் வேலை செய்பவர்கள் இதைத்தான் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். கிண்ணத்திலுள்ள உருஷியின் மேலேயே தாளை ஒட்டினாற்போல் வைத்து மூடுவார்கள், காற்றுக்கு இடமே இருக்காது.

காற்றை வெளியேற்ற ஆர்கான் வாயு அடிக்கும் ஸ்பிரே கேன்கள் வெளிநாட்டில் கிடைக்கின்றன. ஆர்கான் காற்றை விட ஏறக்குறைய 1.4 மடங்கு கனம், வார்னிஷின் மேல் போர்வை போலப் படியும், எதனோடும் வினைபுரியாது. தத்துவம் சரிதான். ஆனால் மேலே போட்ட கணக்கைப் பார்த்தீர்களே, மூடி கசிந்தால் ஆர்கானும் காப்பாற்றாது, மூடி இறுக்கமாக இருந்தால் ஆர்கான் இல்லாமலும் பெரிய இழப்பு இல்லை. தினமும் டப்பா திறக்கிற பட்டறைக்கு, அதுவும் பக்கத்திலேயே ஆர்கான் வெல்டிங் நடக்கிற இடமென்றால், அர்த்தம் உண்டு. வருடத்துக்கு இரண்டு தடவை கதவு தொடும் வீட்டுக்கு சின்ன கண்ணாடி பாட்டில்களே போதும்.

இதற்கு மாற்று என்று சொல்லப்படும் சில வித்தைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டப்பாவுக்குள் வாயால் ஊதி மூடினால் கரியமில வாயு நிரம்பிவிடும் என்பார்கள். நாம் விடும் மூச்சில் கரியமில வாயு 4 சதவீதம்தான், ஆக்சிஜன் இன்னும் 16 சதவீதம் மிச்சம் இருக்கும், கூடவே ஈரமும் போகும். பிரயோஜனமில்லை. டப்பாவுக்குள் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி ஆக்சிஜனைத் தீர்ப்பது, லைட்டர் வாயுவை உள்ளே அடிப்பது இரண்டும் பைத்தியக்காரத்தனம், உள்ளே இருப்பது எரியக்கூடிய ஆவி. டப்பாவைத் தலைகீழாக வைப்பது மட்டும் பாதி நியாயம் உள்ளது: வார்னிஷே மூடியின் இடுக்கை அடைத்துக் கசிவைத் தடுக்கும். உள்ளே இருக்கும் காற்று போய்விடாது, ஆடை கட்டினாலும் நிமிர்த்தும்போது அடியில் போய்விடும் என்பதுதான் லாபம். ஆனால் மூடி சரியாக உட்காராத டப்பா என்றால் காலையில் அலமாரி முழுவதும் வார்னிஷாக இருக்கும்.

ஆடை கட்டிய வார்னிஷைக் காப்பாற்ற முடியுமா என்றால், ஆடைக்குக் கீழே இருப்பது புதிதாக வாங்கியபோது இருந்தது போலவே குச்சியிலிருந்து வழிகிறதா என்று பாருங்கள். வழிந்தால் நல்லது. ஆடையைக் கலக்கி உடைக்காமல், ஓரமாகக் கத்தியால் சுற்றி அறுத்து முழுதாக எடுத்துவிட்டு, மீதியை வடிகட்டி, ஒரு மரத்துண்டில் பூசிப் பாருங்கள். டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் காய்ந்தால் கவலையில்லாமல் பயன்படுத்தலாம். கரைப்பான் பறந்து லேசாகத் தடித்திருப்பதுதான் குறை என்றால் கொஞ்சம் மினரல் டர்பென்டைன் சேர்க்கலாம். ஆனால் நூல் நூலாக இழுபட்டாலோ, ஜெல்லி போலத் துண்டு துண்டாக உடைந்தாலோ கதை முடிந்தது. அதைக் கதவின் உட்புறத்துக்காவது பூசலாமே என்று ஆசைப்படாதீர்கள். காயாத பூச்சைச் சுரண்டி எடுக்கும் கூலி, புது வார்னிஷ் விலையைப் போல் பல மடங்கு.

இனி பிரெஞ்ச் பாலிஷ். அவலரக்கை, அதாவது செதிலாக வரும் ஷெல்லாக்கை, ஸ்பிரிட்டில் (ஆல்கஹால்) கரைத்தது, வேறொன்றுமில்லை. ஸ்பிரிட் பறந்தால் காயும், மறுபடி ஸ்பிரிட் ஊற்றினால் கரையும். ஆகவே இது கெடவே கெடாது என்று நினைத்துவிடத் தோன்றும். ஆனால் பாட்டிலுக்குள் இருக்கும்போதே அரக்கிலுள்ள அமிலங்கள் ஸ்பிரிட்டோடு மெதுவாக வினைபுரிந்துகொண்டிருக்கும். நிறமோ மணமோ மாறாது, கெட்டியாகவும் ஆகாது. பூசினால்தான் தெரியும்: காய்வதற்கு நேரமாகும், காய்ந்த பிறகும் மென்மையாக, விரல் ரேகை பதிகிற மாதிரி இருக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது, காற்றுப் புகாமல் மூடினாலும் தள்ளிப்போட முடியாது. குளிர்ந்த இடத்தில் வைத்தால் வினை மெதுவாகும், அவ்வளவே. நம் ஊர் வெயிலில் கரைத்து வைத்த பாலிஷை ஆறு மாதத்துக்கு மேல் நம்ப வேண்டாம் என்பேன்.

சந்தேகமிருந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பரப்புங்கள். கொஞ்ச நேரத்தில் தொடக் காய வேண்டும். மறுநாள் நகத்தால் அழுத்தினால் பதியக் கூடாது, உடைந்து செதிலாக வரவேண்டும். பதிந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். பாட்டில் அடியில் வெண்மையாகப் படிந்திருப்பது மட்டும் கெட்டதற்கு அடையாளம் அல்ல. அது அரக்கில் இயல்பாக உள்ள மெழுகு, ஆட்டினால் கலந்துவிடும்.

அதனால் அரக்கைப் பொறுத்தவரை நல்ல யோசனை, கரைத்ததைச் சேமிப்பதை விட்டுவிட்டுக் கரைக்காததைச் சேமிப்பது. அவலரக்குச் செதில்கள் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வருடக்கணக்கில் இருக்கும். வேண்டும்போது 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 20 முதல் 25 கிராம் வரை போட்டு முந்தின நாள் இரவே ஊற வைத்தால் மறுநாள் தயார். உலகத்துக்கே அரக்கு அனுப்பும் நாடு நம்முடையது, ஜார்க்கண்ட்தான் அதில் முதலிடம். எனவே கிடைக்காமல் போகுமோ என்று மொத்தமாக வாங்கிக் கரைத்து வைக்கத் தேவையில்லை. சூட்டில் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிடும் என்பதால் கோடையில் மூடிய ஜாடியோடு குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள், இல்லாவிட்டால் உள்ளே பனி கோத்துக்கொள்ளும். வெளுத்த வெள்ளை அரக்குக்கு ஆயுள் குறைவு, நாளானால் ஸ்பிரிட்டில் கரையாமல் ஊறி நிற்கும்.

கரைத்த பாலிஷைத் தகர டப்பாவில் வைக்காதீர்கள். அரக்கின் அமிலம் இரும்போடு சேர்ந்து நிறம் கறுத்துப்போகும். ஸ்பிரிட் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும், ஐப்பசி, கார்த்திகையில் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால் பூச்சு வெளுத்துப் பூத்தது போல ஆவதைப் பார்த்திருப்பீர்கள். மூடியை இறுக்கி வைப்பது இங்கே அதற்காகத்தான்.

பியூ கிட்டில் மூன்று பொருள் இருக்கும்: மூலப் பூச்சான பேஸ், அதை இறுக வைக்கும் ஹார்டனர், தின்னர். பேஸும் தின்னரும் நன்றாக மூடினால் போதும், சுலபத்தில் கெடாது. ஹார்டனர்தான் சீக்கிரம் போவது. அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ஈரத்தோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடும், கூடவே வெள்ளையாகக் கட்டிதட்டும். மழை நாளில் திறக்காதீர்கள், ஊற்றியதும் கழுத்தைத் துடைத்து அந்த நிமிடமே மூடுங்கள். வேறு பாட்டிலுக்கு மாற்றும் யோசனை இங்கே வேண்டாம், மாற்றும்போதே ஈரக்காற்று பட்டுவிடும். தெளிவாக இருந்த ஹார்டனர் கலங்கியிருந்தால், அடியில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் பயன்படுத்தாதீர்கள், அதைக் கலந்த பூச்சு முழுதாக இறுகாது. டப்பா உப்பியிருந்தால் உள்ளே வாயு அழுத்தம் இருக்கிறது. முகத்தைத் தள்ளி வைத்து, மேலே துணி போட்டு, வெளியிடத்தில் மிக மெதுவாக மூடியைத் தளர்த்த வேண்டும். கலந்துவிட்ட பியூவைச் சேமிக்க வழியே இல்லை. சில மணி நேரம்தான் அதன் ஆயுள். வீணாகிறதே என்று அதை மூடிய டப்பாவில் ஊற்றி வைத்தால் சூடாகி, வாயு சேர்ந்து மூடி பறக்கலாம். வேண்டிய அளவு மட்டும் கலப்பதுதான் இதில் ஒரே சிக்கனம்.

மெலமைனும் இதே போல, கலந்தால் திரும்பி வராது. அதன் ஹார்டனர் அமிலம், அதனால்தான் பிளாஸ்டிக் பாட்டிலில் வருகிறது. அதைத் தகர டப்பாவுக்கு மாற்றினால் டப்பாவை அரித்துவிடும், பக்கத்தில் இருக்கும் உளிகளும் துருப்பிடிக்கும்.

தண்ணீர் கலந்த பாலிஷ்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றுக்கு ஆக்சிஜன் பயமில்லை, ஆர்கானும் தேவையில்லை. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் பாக்டீரியா வரும். நனைந்த பிரஷ்ஷை உள்ளே விடுவது, குழாய்த் தண்ணீர் கலந்து மீந்ததைத் திரும்ப ஊற்றுவது எல்லாம் அழுகிய நாற்றத்தில்தான் முடியும். வந்த பிளாஸ்டிக் டப்பாவிலேயே வையுங்கள், தகரத்தில் துரு இறங்கினால் தேக்கு, கருவேலம் போன்ற துவர்ப்புள்ள மரங்களில் கருநீலக் கறை விழும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் மட்டும் மார்கழி உறைபனியில் இதை வெளித்திண்ணையில் விட்டுவைக்க வேண்டாம். ஒரு தடவை உறைந்து உருகினால் திரிந்துவிடும், பிறகு என்ன கலக்கினாலும் சேராது.

எங்கே வைப்பது? வேதிவினைகள் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் எடுக்கும் என்பது பொதுவான கணக்கு. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் வைத்தால் எந்தப் பாட்டிலும் நிற்காது. பகலில் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும், இரவில் சுருங்கிப் புதுக்காற்றை உள்ளே இழுக்கும், மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தாலே போதும். நம் வீடுகளில் வழக்கமான இடம் மாடிப்படிக்கு அடியில். எனக்கு அது பிடிக்காது. தீப்பிடித்தால் இறங்கி ஓட வேண்டிய வழி அது, போதாததற்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் அங்கேதான் இருக்கும். ஸ்பிரிட்டும் என்.சி. தின்னரும் அறைச் சூட்டிலேயே பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், மினரல் டர்பென்டைனுக்கு 40 டிகிரியை ஒட்டிய சூடு போதும். வெயில் படாத சுவரை ஒட்டி, அடுப்பு, சுவிட்ச் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் பாட்டில்களை ஒரு பிளாஸ்டிக் தட்டில் நிற்க வையுங்கள். ஒன்று உடைந்தாலும் தட்டோடு நிற்கும். ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, என்ன சரக்கு, எந்தக் கம்பெனி, திறந்த தேதி, எவ்வளவு தின்னர் கலந்தது என்று எழுதிவிடுங்கள். எழுதாத பாட்டிலை ஆறு மாதம் கழித்து மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் திறமை யாருக்கும் கிடையாது.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், துணி. டப்பாவில் ஆடை கட்ட வைக்கும் அதே ஆக்சிஜன் வினை வெப்பத்தை வெளிவிடும். டப்பாவில் அது தெரியாது. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால், பரப்பு அதிகம், சூடு வெளியேற வழியில்லை, தானாகவே தீப்பற்றும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் 1991 பிப்ரவரி 23 அன்று இப்படித்தான் தீப்பிடித்தது. மரவேலைக்குப் பயன்படுத்திய ஆளிவிதை எண்ணெய்த் துணிகள் 22ஆம் மாடியில் கிடந்தன. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள், கட்டடம் பிறகு இடிக்கப்பட்டது. வேலை முடிந்ததும் துணியை ஒற்றை மடிப்பாகக் கொடியில் விரித்துக் காய விடுங்கள், விறைப்பானதும் குப்பைக்குப் போகலாம். இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் முக்கி மூடுங்கள். ஸ்பிரிட் துணிக்கு இந்த ஆபத்து இல்லை, ஸ்பிரிட் பறந்தால் தீர்ந்தது.

வாங்கும்போதே அளவைக் குறைத்தால் இந்தத் தொல்லையில் பாதி குறையும். ஏழுக்கு மூன்று அடிக் கதவு இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 4 சதுர மீட்டர். லிட்டர் வார்னிஷ் ஒரு கோட்டுக்கு 10 சதுர மீட்டர் வரை வரும், மரத்தையும் கையையும் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். ஒரு கதவுக்கு இரண்டு கோட் என்றால் லிட்டரே அதிகம்தான். அரை லிட்டர் டப்பா இரண்டு வாங்கினால் சில ரூபாய் கூட ஆகும், ஆனால் இரண்டாவது டப்பாவில் வேண்டியதை எடுத்து மீதியைத் திறந்த அன்றே பாட்டிலில் அடைத்துவிடலாம். நாலு லிட்டர் டப்பாவில் கிடைக்கும் தள்ளுபடியெல்லாம் காண்டிராக்டர்களுக்கு.

தேறாது என்று ஆனதைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ ஊற்றாதீர்கள். கொஞ்சமாக இருந்தால் பழைய அட்டையில் மெல்லியதாகப் பூசி, வெளியிடத்தில் முழுதாகக் காயவிட்டுப் போடலாம். எண்ணெய், வார்னிஷ் வகைகளை மரத்தூளில் கொட்டிக் குவித்து வைக்க வேண்டாம், துணிக்குச் சொன்ன அதே தீ அபாயம் அதற்கும் உண்டு. திரவமாக நிறைய மீந்திருந்தால் மூடியோடு தனியாக வையுங்கள். பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா எல்லாம் வீட்டு அபாயக் கழிவு என்ற தனிப் பிரிவில் வருபவை, குப்பை வாங்க வருபவரிடம் மற்றவற்றோடு கலக்காமல் சொல்லிக் கொடுக்க வேண்டும். காலி டப்பாவை மூடியைத் திறந்து வைத்து, உள்ளே ஒட்டியிருப்பது காய்ந்த பிறகு கொடுங்கள்.